லாஸ் வேகாஸ் போறேன்மா...

முதலிலேயே சொல்லிவிடுகிறேன். கலிஃபோர்னியாவில் வேலை பார்க்கும் நம் வீட்டுப் பையன் மெக்சிகோ பாலைவனத்துக்குப் பைக்கில் போகிறான் என்றால், அவனுக்குப் பெரிய ஆபத்து அங்கே இருக்கும் துப்பாக்கிக் கும்பலால் இல்லை. இங்கே இருக்கும் நம்மால்தான். அம்மா, அப்பா, மாமா, சித்தப்பா வகையறாக்களால்.

இதை எங்கள் ஊர் (வடோதரா) தமிழ்ச் சங்கத்தில் சொல்லப்போய் நன்றாக வாங்கிக் கட்டிக்கொண்டேன். "உங்களுக்கென்ன சார், பேங்க்ல ஏசி ரூம்ல உக்காந்துட்டுச் சொல்லுவீங்க" என்றார் ஒருவர். "பசங்களைக் கெடுக்கறதே உங்களை மாதிரி மாமாக்கள்தான்" என்றார் இன்னொருவர், அதுவும் பந்தியில், என் இலையில் பாயசம் விழுந்துகொண்டிருக்கும்போது. அங்கே பதில் சொல்ல வசதிப்படவில்லை. இங்கே இடம் நிறைய இருக்கிறது. கொஞ்சம் நீளமான பதிவு, பொறுத்துக்கொள்ளுங்கள்.

தெரியாதவர்களுக்கு ஒரு சின்ன முன்கதை. சான் டியாகோவிலிருந்து எல்லையைத் தாண்டினால் திஹுவானா. அங்கிருந்து தெற்கே, ஒரு பக்கம் பசிபிக் கடல், மறுபக்கம் கலிஃபோர்னியா வளைகுடா, நடுவில் 1,200 கிலோமீட்டருக்கு மேல் நீண்டு கிடக்கும் தீபகற்பத்துக்குப் பெயர் பாஹா கலிஃபோர்னியா. பெயரில்தான் கலிஃபோர்னியா, முழுக்க மெக்சிகோ. பெரும்பகுதி பாலைவனம். தென்னை உயரத்துக்குக் கள்ளி வளரும். முள்ளங்கியைத் தலைகீழாக நட்டுவைத்த மாதிரி சிரியோ என்று ஒரு மரம். மேலிருந்து கீழ்வரை சுமார் 1,700 கி.மீ. தார்ச்சாலையை 1973-இல்தான் போட்டு முடித்தார்கள். அதை விட்டு இறங்கினால் மண் தடங்கள், வறண்ட காட்டாறுகள், பழைய பாதிரிமார் கட்டிவைத்த கல் தேவாலயங்கள், பத்து மாடு வைத்திருக்கும் ஒற்றை வீட்டுப் பண்ணைகள். அமெரிக்க மேற்குக் கரையில் மண்ணில் ஓட்டுகிற பைக் வைத்திருப்பவனுக்கு இது சபரிமலை மாதிரி. ஒருமுறையாவது போய் வந்தால்தான் மனசு ஆறும்.

என் அக்கா பையன் நான்கு முறை போய்விட்டான். அவனோடு போன் பேசியும், அவன் அனுப்பும் வரைபடங்களைப் பார்த்தும், அங்கே போய் வருகிறவர்கள் எழுதுவதையெல்லாம் ராத்திரி உட்கார்ந்து படித்தும் எனக்கு அந்த வழி ஓரளவு மனப்பாடம். (தங்கமணிக்கு இதில் நியாயமான எரிச்சல் உண்டு. "வடோதராவில் காய்கறி மார்க்கெட்டுக்கு வழி தெரியாது, மெக்சிகோவில் பெட்ரோல் பங்க் எங்கேன்னு தெரியும்.")

இனி நான் பந்தியில் சொல்ல வந்த கதை. வட இந்தியாவில் ஒரு பெரிய ஊரில் முப்பது வருடமாக இருக்கும் தமிழ்க் குடும்பம். பையன் கலிஃபோர்னியாவில். என் மருமானுக்குத் தெரிந்தவன். மெக்சிகோவுக்குப் பைக்கில் போகட்டுமா என்று வீட்டில் ஒழுங்காகக் கேட்டிருக்கிறான். அம்மா அழுதார். அப்பா செய்தித்தாள் படங்களை வாட்ஸப்பில் அனுப்பினார். கடைசியில் "என் மேல சத்தியமா போகமாட்டேன்னு சொல்லு" என்று அம்மா கேட்க, பையனும் சொல்லிவிட்டான். நம் வீடுகளில் சத்தியத்துக்கு இருக்கும் மதிப்பு தெரிந்ததுதானே.

அந்த நவம்பரில் தேங்க்ஸ்கிவிங் விடுமுறை நான்கு நாள். "ஃப்ரெண்ட்ஸோட லாஸ் வேகாஸ் போறேன்மா" என்று வீட்டுக்கு ஒரு வாய்ஸ் மெசேஜ். அறைத்தோழனிடம் "பாஹா போறேன், ஞாயிறு ராத்திரி வந்துடுவேன்" என்று ஒரு வரி. எந்த வழி, எங்கே தங்கல், ஒன்றும் கிடையாது. வியாழன் காலை தனியாகக் கிளம்பிவிட்டான். வெள்ளி மாலை, தார்ச்சாலையிலிருந்து ஏறக்குறைய 30 கி.மீ. உள்ளே, பொடிமண்ணில் முன்சக்கரம் புதைந்து விழுந்தான். வண்டி கணுக்கால் மேல். எலும்பு முறிந்துவிட்டது. போனில் சிக்னல் இல்லை. இரவு முழுக்கக் குளிரில் கிடந்தான். கையில் ஒரு லிட்டர் தண்ணீர்.

வெள்ளி, சனி இரண்டு நாளும் அம்மா போன் அடித்துக்கொண்டே இருந்தார். எடுக்காததும் அப்பா, யாரையோ பிடித்து, லாஸ் வேகாஸ் போலீசுக்குப் பேச வைத்தார். அவர்கள் ஓட்டல் பெயர் கேட்டார்கள். ஏது ஓட்டல்? பையன் கிடந்தது வேறு நாட்டில். அறைத்தோழனின் நம்பர் இவர்களிடம் கிடையாது. அவனோ ஞாயிறு ராத்திரிதானே வருவான் என்று நிம்மதியாகத் தூங்கிக்கொண்டிருந்தான்.

சனிக்கிழமை மதியம், தொலைந்த மாட்டைத் தேடிப் பிக்கப்பில் வந்த ஒரு பண்ணைக்காரர் தற்செயலாகப் பார்த்துத் தூக்கிக்கொண்டு போனார். பையன் பிழைத்தான். நவம்பராக இருந்ததால் பிழைத்தான் என்றும் சொல்லவேண்டும். அதே இடத்தில் ஜூலையில் வெயில் சர்வசாதாரணமாக 40 டிகிரியைத் தாண்டும், ஒரு லிட்டர் தண்ணீர் மாலைவரைகூட வராது.

இந்தக் கதையை நான் சொன்னதும் பந்தியில் வந்த தீர்ப்பு, "பாத்தீங்களா, அதுக்குத்தான் போகாதேன்னு சொல்றது!"

என்ன சொல்ல! அவன் விழுந்தது அவன் தப்பு, ஒத்துக்கொள்கிறேன். தனியாகப் போனதும் அவன் தப்பு. ஆனால் விழுந்த பிறகு ஒருவரும் தேடவில்லையே, அதற்குக் காரணம் அந்தச் சத்தியம். போகாதே என்று சொல்லி அவனை நிறுத்த முடியவில்லை. அவன் எங்கே போகிறான் என்று தெரிந்துகொள்ளும் உரிமையைத்தான் அப்பா அம்மா இழந்தார்கள். 26 வயதுப் பையன், சொந்தச் சம்பளம், சொந்த வண்டி, எல்லை அரை மணி தூரம். நாம் இங்கிருந்து போனில் தடுப்போமாம். இருபது வயதில் வேலை உத்தரவை மடித்துப் பையில் வைத்துக்கொண்டு, மொழி தெரியாத ஊருக்கு இரண்டு ராத்திரி ரயிலில் வந்து இறங்கிய கூட்டம் நாம். நம் அப்பாக்கள் போகாதே என்று சொன்னார்களா? "போய்ச் சேர்ந்ததும் லெட்டர் போடு" என்றார்கள். இன்லாண்டு லெட்டரில் முதல் வரி "சுகமாக வந்து சேர்ந்தேன்". அதைத்தான் நான் இப்போதும் கேட்கிறேன்.

"சரி சார், மெக்சிகோவில் கொலையே நடக்கலையா?" நடக்கிறது. மறைக்கவில்லை. 2024 ஏப்ரலில் என்செனாடாவுக்குத் தெற்கே கடலோரம் தனியாகக் கூடாரம் போட்டிருந்த மூன்று அலைச்சறுக்குக்காரர்களைச் சுட்டுக் கொன்றார்கள், இரண்டு ஆஸ்திரேலியர், ஒரு அமெரிக்கர். வண்டியைப் பறிக்க வந்த கும்பல் என்று சொன்னது காவல்துறை. அமெரிக்க வெளியுறவுத் துறையின் 2025 எச்சரிக்கையில், பாஹாவின் வடபாதி மாநிலத்துக்கு 'பயணத்தை மறுபரிசீலனை செய்' என்ற மூன்றாம் நிலை, தென்பாதிக்கு 'கூடுதல் கவனம்' என்ற இரண்டாம் நிலை. இதெல்லாம் படிக்கவேண்டியதுதான். படித்துவிட்டுச் செய்யவேண்டியதும் இருக்கிறது: திஹுவானாவில் பொழுது சாயும்முன் இருக்காதே, ஆளில்லாத கடற்கரையில் கூடாரம் போடாதே, இரவுக்கு ஆள் நடமாட்டமுள்ள பண்ணையிலோ மோட்டலிலோ தங்கு, ராணுவச் சோதனைச் சாவடியில் ஹெல்மெட்டைக் கழற்றி மரியாதையாகப் பதில் சொல்லு. அந்த ஆபத்துக்கு நம் கையில் இருக்கும் மருந்து இவ்வளவுதான், பெரும்பாலும் அது போதும்.

ஆனால் துப்பாக்கியைப் பற்றியே பேசிக்கொண்டிருந்ததில் மாட்டை மறந்துவிட்டோம். ஆமாம், மாடு. பாஹாவில் மாடுகளை வேலி இல்லாமல் மேயவிடுகிறார்கள். ராத்திரியில் பாலைவனம் குளிர்ந்துவிடும், தார்ச்சாலை மட்டும் பகல் சூட்டை வைத்திருக்கும். மாடுகள் வந்து சாலையிலேயே படுத்துக்கொள்ளும். சாலையோ குறுகல், பல இடங்களில் ஓரத்தில் ஒதுங்க ஒரு அடி மண்கூடக் கிடையாது, எதிரே பதினெட்டுச் சக்கர லாரி. கறுப்பு மாடு, கறுப்புத் தார், அறுபது எழுபது வேகம். மிச்சத்தை நீங்களே ஊகித்துக்கொள்ளலாம். பாஹா போய் வந்த யாரைக் கேட்டாலும் முதல் விதி 'இருட்டிய பிறகு ஓட்டாதே' என்பதுதான். அந்த விதியை மீற வைப்பது எது தெரியுமா? திங்கட்கிழமை காலை ஆபீஸ். நான்கு நாளில் ஏழு நாள் தூரத்தைத் திட்டம் போட்டுவிட்டு, கடைசி நாள் ராத்திரி இருட்டில் வடக்கே விரட்டுவது. இதில் கும்பலும் இல்லை, துப்பாக்கியும் இல்லை, லீவ் கணக்கு மட்டும்தான் இருக்கிறது.

(லாரி என்றதும் இன்னொன்று. முன்னால் போகும் லாரி இடதுபக்க விளக்கைச் சிமிட்டினால் அங்கே 'தாண்டிப் போ' என்றும் அர்த்தம், 'நான் இடதுபக்கம் திரும்பப்போகிறேன்' என்றும் அர்த்தம். நம் நெடுஞ்சாலையில் வலதுபக்க விளக்கை வைத்து நடக்கும் அதே ஜோசியம். நம் பையன்களுக்கு இது மட்டும் பிறவி ஞானம்.)

அடுத்தது பெட்ரோல். இங்கே என் தொழில் புத்தி கொஞ்சம் வெளியே வரும், மன்னிக்கவும். எல் ரொசாரியோ என்ற ஊரைவிட்டுக் கிளம்பினால், நெடுஞ்சாலையில் கெரேரோ நெக்ரோ பக்கம் போகும்வரை சுமார் 320 கி.மீ.க்கு நம்பக்கூடிய பங்க் கிடையாது. நடுவே கட்டவின்யா என்ற சின்ன ஊரில் சாலையோரம் பீப்பாயிலிருந்து விற்பார்கள். அளவும் அவர்கள் வைத்தது, விலையும் அவர்கள் வைத்தது. விற்கிறவர் அன்றைக்கு வரவில்லை என்றால் அதுவும் இல்லை. இப்போது கணக்கு. இந்த வகைப் பயணத்துக்குப் பையன்கள் விரும்பி வாங்கும் ஹோண்டா சிஆர்எஃப் 300எல் வண்டியின் டேங்க் 7.8 லிட்டர். தாரில் லிட்டருக்கு 28 கி.மீ. கொடுத்தால் 218 கி.மீ. அதாவது நூறு கிலோமீட்டர் துண்டு விழுகிறது. மண்ணில் இறங்கினால் லிட்டருக்கு 20 என்று வையுங்கள், 156 கி.மீ.யில் வண்டி நின்றுவிடும். ராயல் என்ஃபீல்டு ஹிமாலயன் 450-க்கு (நம் சென்னைப் பக்கத்துத் தயாரிப்பு, அமெரிக்காவிலும் விற்கிறார்கள், பெருமையாக இருக்கிறது) 17 லிட்டர் டேங்க். மண் கணக்கில் 340 கி.மீ. பாஸ் மார்க்தான். வழி தவறி இருபது கிலோமீட்டர் சுற்றினால் அதுவும் போச்சு.

கடன் கொடுக்கும்போது நாங்கள் சொத்து மதிப்பு முழுவதையும் கொடுப்பதில்லை, மார்ஜின் என்று ஒன்று வைப்போம். மதிப்பீட்டாளர் தப்பாகச் சொல்லலாம், விலை இறங்கலாம், எதுவும் நடக்கலாம் என்று. பெட்ரோலுக்கும் தண்ணீருக்கும் நான்கில் ஒரு பங்கு மார்ஜின் வை என்று மருமானிடம் சொன்னேன். 320 கி.மீ.க்கு மண் கணக்கில் 16 லிட்டர், மார்ஜின் 4 லிட்டர், ஆக 20 லிட்டர். அவன் வண்டி டேங்க் போக மிச்சம் 12 லிட்டரைக் கேனில் கட்டிக்கொண்டு போகிறான். "வெயிட் அதிகமாகுது மாமா, மணல்ல இழுக்குது" என்றான். இழுக்கட்டும். மெதுவாகப் போ. தண்ணீரும் அப்படித்தான், ஆளுக்கு ஒரு நாளைக்கு 4 லிட்டருக்குக் குறையக்கூடாது, அதுவும் வண்டியில் இல்லை, பாதியாவது முதுகில். வண்டி ஒரு பக்கம், ஆள் ஒரு பக்கம் கிடக்கிற நிலைமை வரும் என்பதால்.

மண்ணைப் பற்றி மருமான் சொன்னது. மணல் பிரச்சினை இல்லையாம். டயர் காற்றைப் பாதியாகக் குறைத்து, பின்னால் நகர்ந்து உட்கார்ந்து, பயப்படாமல் கைப்பிடியைத் தளரப் பிடித்தால் போய்விடலாமாம். (திரும்பத் தார் ஏறும்போது காற்று அடிக்கப் பம்ப் வேண்டும். கள்ளி முள்ளுக்குப் பங்சர் சாமானும்.) பிரச்சினை பொடிமண். முகப்பவுடர் மாதிரி நைசாக, ஒன்றரை அடி ஆழத்துக்கு, மேலே பார்த்தால் சமதளம். அடியில் பாறை இருக்கும், லாரிச் சக்கரம் போட்ட பள்ளம் இருக்கும், ஒன்றும் தெரியாது. முன்னால் போகிறவன் கிளப்பும் புழுதியில் பின்னால் வருகிறவனுக்குக் கண் தெரியாது. அதனால் இடைவெளி விட்டுப் போ, ஆனால் ஒவ்வொரு கிளைப் பாதையிலும் நின்று பின்னால் வருகிறவன் முகத்தைப் பார்த்துவிட்டுப் போ. நவம்பரில் பாஹா 1000 பந்தயம் நடக்கும், அதற்கு முன்பு பல வாரம் பந்தய லாரிகள் அதே தடங்களில் ஒத்திகை ஓட்டும். திருப்பத்தில் எதிரே ஒன்று வந்தால் ஒதுங்க நேரம் இருக்காது. செப்டம்பர் புயல் மாதம். 2014 செப்டம்பரில் ஒடீல் புயல் தெற்கு முனையைப் புரட்டிப் போட்டது. 2018-இல் ரோசாவின் மழை வெள்ளம் புதிதாகக் கட்டிய நெடுஞ்சாலைப் பாலங்களையே கொண்டுபோனது. மலையில் மழை பெய்தால் நாம் வெயிலில் நிற்கும் இடத்தில் காட்டாறு வரும். வறண்ட ஆற்றுப்படுகை கூடாரம் போட மெத்தை மாதிரிதான் இருக்கும், போடக்கூடாது.

இனி எதிர்க்கட்சி. அம்மா அப்பாக்களைத் திட்டியாகிவிட்டது, பையன்களுக்கும் பங்கு உண்டு.

'சோலோ ரைடு' என்று ஒரு நோய் பரவியிருக்கிறது. தனியாகப் போனால்தான் வீரம், தனியாகப் போனால்தான் தன்னைக் கண்டுபிடிக்க முடியும், ஹெல்மெட்டில் கேமரா, பின்னணியில் புல்லாங்குழல். தன்னைக் கண்டுபிடிப்பது இருக்கட்டும், விழுந்தால் உன்னை யார் கண்டுபிடிப்பார்கள்? சபரிமலைக்கே கன்னிச்சாமி தனியாகப் போவதில்லை. குருசாமி முன்னால் போவார், பின்னால் ஒரு கூட்டம் வரும். அந்த மலையில் பாதை தெரியாமல் இல்லை, மிதித்து மிதித்துச் சாலையே ஆகிவிட்டது. ஆனாலும் அப்படித்தான் வழக்கம்.

பாஹாவின் சரித்திரத்தையே எடுத்துக்கொள்ளுங்கள். 1962-இல், அங்கே தார்ச்சாலை இல்லாத காலத்தில், டேவ் ஈகின்ஸ், பில் ராபர்ட்சன் ஜூனியர் என்ற இருவர் 250 சிசி ஹோண்டாக்களில் திஹுவானாவிலிருந்து தெற்கே லா பாஸ் வரை ஓட்டினார்கள். ஈகின்ஸ் 40 மணி நேரத்துக்குச் சில நிமிடம் முன்னதாகச் சேர்ந்தார். ராபர்ட்சனின் வண்டி வழியில் பழுதாகிப் பிந்தி வந்து சேர்ந்தது. 1967-இல் தொடங்கிய பந்தயத்துக்கும் இன்றைக்கு வீடியோ போடுகிற எல்லோருக்கும் இவர்கள்தான் மூதாதையர். கவனியுங்கள், இரண்டு பேர். தனி ஆள் இல்லை. நேரத்துக்குச் சாட்சியாகக் கிளம்பும்போது திஹுவானா தந்தி ஆபீசிலும் போய்ச் சேர்ந்ததும் லா பாஸ் தந்தி ஆபீசிலும் பதிந்தார்கள். எண்ணம் சாதனைக் கணக்குதான், இருந்தாலும் கிளம்பினேன், வந்துவிட்டேன் என்று இரண்டு தந்தி! அந்தத் தந்தியைக் கொடுக்கத்தான் இந்தக் காலத்து வீரனுக்கு வெட்கமாக இருக்கிறது.

வங்கியில் ஸ்ட்ராங் ரூம் திறக்க இரண்டு சாவி, இரண்டு அதிகாரிகள். நான் யோக்கியன் இல்லை என்பதற்காக இல்லை. எனக்கு ராத்திரி நெஞ்சுவலி வந்தாலும் வங்கி மறுநாள் திறக்கவேண்டும், ஒருவன் கண்ணில் படாதது இன்னொருவன் கண்ணில் படவேண்டும். பாலைவனத்துக்கு இரண்டு போதாது, மூன்று வண்டி வேண்டும். ஒருவன் விழுந்தால் ஒருவன் பக்கத்தில் உட்கார, ஒருவன் ஆள் கூட்டிவர.

அப்புறம் சாட்டிலைட் கருவி. உள்ளங்கை அளவு, செல் சிக்னல் இல்லாத இடத்திலிருந்தும் நேராகச் செயற்கைக்கோளுக்குச் செய்தி அனுப்பும். ஒரு பொத்தானை அழுத்தினால் உதவி மையத்துக்கு இருக்கும் இடத்தோடு தகவல் போகும். ஆயிரக்கணக்கான டாலருக்கு வண்டி, ஜாக்கெட், பூட்ஸ், கேமரா வாங்கிய பையன் இதற்குச் சில நூறு டாலர் கொடுக்க யோசிக்கிறான். அந்தக் கதைப் பையனிடம் இது இருந்திருந்தால் வெள்ளி மாலையே விஷயம் தெரிந்திருக்கும். (ஒரு முக்கியமான இடைச்செருகல்: லீவில் ஊருக்கு வரும்போது தயவுசெய்து இதைப் பையில் போட்டுக்கொண்டு வரவேண்டாம். இந்தியாவில் அரசு அனுமதி இல்லாமல் வைத்திருப்பது குற்றம். வெளிநாட்டுச் சுற்றுலாப் பயணிகளையே நம் விமான நிலையங்களில் பிடித்து வழக்குப் போட்டிருக்கிறார்கள். பாட்டிக்குக் காட்டவேண்டும் என்றால் போட்டோ போதும்.)

நெடுஞ்சாலையில் வண்டி பழுதானால் மெக்சிகோ சுற்றுலாத் துறையின் பச்சை வண்டிகள் உண்டு. 'பச்சைத் தேவதைகள்' என்றே பெயர். 078 அடித்தால் பகல் நேரத்தில் வந்து இலவசமாக உதவுவார்கள். ஆனால் அது தார்ச்சாலைக்கு மட்டும், மண் தடத்துக்குத் தேவதை வராது.

காகித விஷயம் சுருக்கமாக. அமெரிக்க இன்சூரன்ஸ் மெக்சிகோவில் செல்லாது. அங்கே விபத்தில் யாருக்காவது அடிபட்டால், பொறுப்பு யாருடையது என்று முடிவாகும்வரை ஓட்டியவரைப் பிடித்துவைக்கலாம். மெக்சிகோ பாலிசியை நாள் கணக்கில் ஆன்லைனிலேயே வாங்கலாம், வாங்காமல் தாண்டுவது முட்டாள்தனம். மெடிக்கல் இன்சூரன்சும் எல்லைக்கு அந்தப் பக்கம் செல்லுமா, ஆகாய ஆம்புலன்ஸ் உண்டா என்று பாலிசியின் பொடி எழுத்தைப் படிக்கவேண்டும். ஆகாய ஆம்புலன்சுக்குக் கைக்காசு என்றால் பல்லாயிரம் டாலர். பாஸ்போர்ட்டில் செல்லுபடியாகும் அமெரிக்க விசா இருந்தால் மெக்சிகோவுக்குத் தனி விசா தேவையில்லை. ஆனால் நம் பையன்கள் பலருக்குப் பாஸ்போர்ட்டில் ஒட்டிய விசா எப்போதோ காலாவதியாகி, வேறு காகிதத்தில்தான் வண்டி ஓடிக்கொண்டிருக்கும். அவர்கள் எல்லையைத் தாண்டுமுன் வக்கீலைக் கேட்கவேண்டும். முப்பது நாளுக்குள் திரும்பினால் பழைய விசாவோடு உள்ளே விடும் விதி ஒன்று உண்டு, அதற்கு நிபந்தனைகளும் உண்டு, மெக்சிகோ பக்கத்து விசா கேள்வி தனி. எல்லையில் யாரும் நிறுத்தவில்லை என்று சும்மா தாண்டிப் போவதும் கூடாது, இறங்கிப் போய் நுழைவு முத்திரை வாங்கவேண்டும். ஆஸ்பத்திரியில் படுத்திருக்கும்போது 'நீ எப்படி உள்ளே வந்தாய்' என்ற கேள்விக்குப் பதில் தேடக்கூடாது.

கடைசியாக, வீட்டில் இருக்கும் நாம் என்ன செய்வது என்று. இதற்குத்தான் இவ்வளவு பாட்டும்.

ஒரே ஒரு தாள். எந்த நாள் எந்த வழி, எந்த ஊரில் எந்த மோட்டலில் படுக்கை, அதன் நம்பர். கூடப் போகிறவர்கள் பெயரும் அவர்கள் வீட்டு நம்பரும். வண்டி நம்பர், பாஸ்போர்ட் நகல், ரத்த வகை, பாலிசி எண்கள். தினமும் எத்தனை மணிக்குச் செய்தி வரும், அது வராவிட்டால் எத்தனை மணி நேரம் கழித்து யார் யாருக்குப் பேசுவது. முக்கியமாக, சான் டியாகோவில் இருக்கும் ஒரு பொறுப்பான ஆளின் நம்பர். ஏனென்றால் இந்தியாவிலிருந்து 911 அடித்தால் மெக்சிகோ எடுக்காது. அங்கே ஆளை உசுப்ப அங்கே ஒரு ஆள் வேண்டும். மெக்சிகோ சிட்டியில் இருக்கும் நம் தூதரகத்தின் அவசர எண்ணையும் எழுதிவைத்துக்கொள்ளலாம்.

மணியைத் தெளிவாக எழுதவேண்டும். குளிர்காலத்தில் சான் டியாகோ இரவு 9 மணி என்பது நமக்கு மறுநாள் காலை பத்தரை. பாஹாவின் தென்பாதி மாநிலத்துக்குள் நுழைந்தால் கடிகாரம் ஒரு மணி நேரம் முன்னால் ஓடும், கோடையில் அந்த வித்தியாசம் இருக்காது. இது தெரியாமல் ஒரு மணி நேரம் முன்னதாகவே அழ ஆரம்பிக்கும் தாய்மார்கள் உண்டு.

இந்தத் தாள் நம் கைக்கு வரவேண்டும் என்றால் ஒரு விலை இருக்கிறது. அதைக் கொடுக்கும்போது அழக்கூடாது, திட்டக்கூடாது, "உன்னை நம்பித்தானேடா நாங்க இருக்கோம்" என்று ஆரம்பிக்கக்கூடாது. ஒருமுறை ஆரம்பித்தால் அடுத்த முறை தாள் வராது, லாஸ் வேகாஸ்தான் வரும். கேள்வி கேட்கலாம். பெட்ரோல் எத்தனை லிட்டர், கூட யார், பொழுது சாயும்போது எங்கே இருப்பாய்? பதில் சொல்லத் தெரியவில்லை என்றால், "இந்தத் திட்டம் சரியில்லை, இன்னொரு நாள் லீவ் எடு" என்று சொல்லலாம். அது பையன் காதில் ஏறும். சத்தியம் ஏறாது.

என் அக்கா நாக்பூரில் இருக்கிறாள். முதல் தடவை அவன் போனபோது மூன்று நாள் சாப்பிடவில்லை. இப்போது சமையலறைக் காலண்டருக்குப் பின்னால் அவன் அனுப்பிய தாளைச் செருகி வைத்திருக்கிறாள். வரும் பிப்ரவரியில் சான் போர்ஹா தேவாலயம் பக்கம் போகப்போகிறானாம், மூன்று பேர். போன ஞாயிறு மூவருமாக லைனில் இருந்தோம். அவன் வழியைச் சொல்லிக்கொண்டே வந்தான். நான் வாயைத் திறக்குமுன் அக்கா கேட்டுவிட்டாள்: "எல் ரொசாரியோவுல எத்தனை லிட்டர்டா போடுவே?"